கொள்ளைநோய் புகுந்த ஊரும் செம்பிறை வைத்தியக் குழுவும்

ஹிஜ்ரி 1330, துல்ஹஜ் மாதம். ஆங்கிலக் கணக்கில் 1912 நவம்பர். ஹாஜிகள் அரஃபாத்தில் கூடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், உதுமானியப் பேரரசின் தலைநகரமாம் இஸ்தான்பூலுக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், சத்தால்ஜா அரண்களுக்குப் பின்னால் ஒரு பெரும்படை ஒடுங்கிக் கிடந்தது. பால்கன் நாடுகள் நான்கும் ஒன்றுகூடித் தொடுத்த போரில் தோற்றுப் பின்வாங்கிய படை அது. அதைத் துரத்திவந்த பல்கேரியப் படை அரண்களுக்கு எதிரே வந்து நின்றது. நவம்பர் 17, 18 ஆகிய நாட்களில் அது நடத்திய தாக்குதலை உதுமானிய வீரர்கள் முறியடித்தனர். ஆனால் அதற்கு முன்னரே வேறொரு பகைவன் இரு பாசறைகளிலும் புகுந்துவிட்டான். அவன் பெயர் வாந்திபேதி. இன்று நாம் காலரா என்பது.

ஹாதிம்கோய் இரயில் நிலையத்தைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கான வீரர்கள் நோயால் வீழ்ந்து கிடந்தனர். குடிநீர் கெட்டிருந்தது, கழிவுகளை அகற்ற வழியில்லை. நோயாளிகளை ஏற்றிய இரயில் வண்டிகள் ஸான் ஸ்டெஃபானோ என்னும் கடற்கரைச் சிற்றூரில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பின. இஸ்தான்பூல் நகருக்குள்ளோ, மாபெரும் அயா ஸோஃபியா பள்ளிவாசலே காலரா நோயாளிகளின் தங்குமிடமாயிற்று. ஸஜ்தாச் செய்யும் இடத்தில் மனிதர்கள் கிடந்து துடித்தார்கள். மற்றப் பள்ளிவாசல்கள் பலவற்றில் ருமேலியாவிலிருந்து உடைமைகளை இழந்து ஓடிவந்த அகதிக் குடும்பங்கள் நிரம்பியிருந்தன. அந்தப் பெருநாளில் தக்பீர் முழங்கிய நாவுகளில் எத்தனை நா வறண்டு தண்ணீர் கேட்டனவோ, அல்லாஹ்வே அறிவான்.

முதலாம் பால்கன் போரில் உதுமானியப் படையில் களத்தில் மாண்டோர் சுமார் 50,000 பேர் என்றும், நோயால் மாண்டோர் சுமார் 75,000 பேர் என்றும் போர் வரலாற்று ஆய்வாளர் எட்வர்ட் எரிக்சன் மதிப்பிடுகிறார். வாளுக்குத் தப்பியவரை நோய் கொண்டுபோயிற்று என்பதற்கு இக்கணக்கே போதும்.

இச்செய்திகள் இந்தியாவை எட்டியபோது முஸ்லிம்களின் உள்ளம் கொந்தளித்தது. அன்று இந்நாட்டின் பல பள்ளிவாசல்களில் ஜும்ஆக் குத்பாவில் துருக்கிச் சுல்தானின் பெயர் சொல்லி துஆச் செய்யும் வழக்கம் இருந்தது. கலீஃபாவின் நாடு அழிகிறது என்ற வேதனை ஒருபுறம். புனித ஹரம்களின் காவல் என்னாகுமோ என்ற அச்சம் மறுபுறம். மௌலானா முஹம்மது அலீ தம் ‘காம்ரேட்’ வார இதழை அப்போதுதான் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றியிருந்தார். அவ்விதழ் விடுத்த வேண்டுகோளுக்கு ஊர்தோறும் பணம் குவிந்தது. அலிகர் மாணவர்கள் தம் உணவைச் சுருக்கி மிச்சம் பிடித்த காசை அனுப்பினார்கள். தேவ்பந்தில் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்கள் பாடங்களை நிறுத்தி, மாணவர்களை நன்கொடை திரட்ட ஊர் ஊராக அனுப்பினார்கள். மதரஸாவில் ஒரு நாள் பாடம் தவறுவதையே பெரும் இழப்பாகக் கருதும் நம்மைப் போன்றோர்க்கு, ஹதீஸ் கலையில் கரைகண்ட அப்பெரியார் கிதாபுகளை மூடச் சொன்னார் என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியன்று.

பணம் மட்டும் போதாது, ஆட்களும் செல்லவேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அதற்குத் தலைமையேற்க முன்வந்தவர் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்ஸாரி. காஜிப்பூர் மாவட்டத்தில் 1880இல் பிறந்தவர். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் இங்கிலாந்து சென்று, இலண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றித் திரும்பியவர். தில்லியில் நல்ல வருவாயோடு தொழில் நடத்திக்கொண்டிருந்த அவர் அதை அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட்டார். அவருடன் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரில் மருத்துவர்கள் சிலரே. மற்றவர்கள் காயம் கட்டவும் நோயாளியைத் தூக்கவும் பணிவிடை செய்யவும் முன்வந்த இளைஞர்கள். பிற்காலத்தில் அரசியலில் பெயர்பெற்ற சௌத்ரி கலீக்குஸ்ஸமானும், அப்துர் ரஹ்மான் சித்தீக்கியும், ஷுஐப் குறைஷியும் அவர்களுள் அடங்குவர். 1912 டிசம்பரின் நடுவில், ஹிஜ்ரி 1331 முஹர்ரம் முதல் வாரத்தில், குழு பம்பாயிலிருந்து கப்பலேறியது.

இங்கே ஒரு மார்க்கக் கேள்வி எழுகிறது. அதைத் தட்டிக் கழித்துவிட்டு உணர்ச்சியை மட்டும் எழுதினால் வரலாறு பாதியாகிவிடும்.

கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்தால் அதற்கு அஞ்சி வெளியேறாதீர்கள் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி ஸஹீஹான நூல்களில் உள்ளது. நம் சிறுவர்களும் அறிந்தது. ஹிஜ்ரி 18இல் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, எல்லைக்கு அருகே ஸர்ஃக் என்னுமிடம் வரை வந்துவிட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திரும்பிவிட முடிவு செய்ததும், இறைவிதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியதும், விதியிலிருந்து விதிக்கே செல்கிறோம் என்ற பொருள்பட உமர் (ரலி) விடையிறுத்ததும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து அந்நபிமொழியை எடுத்துரைத்ததும் நாம் படித்தவையே. அப்படியானால், காலரா கொதித்துக்கொண்டிருக்கும் நாட்டை நோக்கி அன்ஸாரியின் குழு போனது எவ்வாறு? அவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பியவர்கள் செய்தது சரியா?

கிதாபுகளில் இதற்கு இடமில்லாமல் இல்லை. ஹாஃபிழ் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் கொள்ளைநோய் பற்றி ‘பத்லுல் மாஊன்’ என்றொரு தனி நூலே எழுதினார்கள். எழுத்தறையில் அமர்ந்து எழுதிய வெறும் ஆராய்ச்சி அன்று அது. தாம் பெற்ற பெண் மக்களைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்த தந்தை எழுதியது. ‘தாஊன்’ வேறு, ‘வபா’ என்னும் பொதுத் தொற்று வேறு என்று அவர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். நோய்க்கு அஞ்சி ஓடுவதும், வேறொரு தேவைக்காகப் புறப்படுவதும் ஒன்றல்ல என்ற விளக்கமும் அங்கே உண்டு. ஆயினும் நம் கேள்விக்கு நேரான விடை வேறோர் இடத்தில் கிடைக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில், தவக்குல் பற்றிய பகுதியில், நோயுற்ற ஊரை விட்டு வெளியேறுவது ஏன் தடுக்கப்பட்டது என்று இமாமவர்கள் ஆராய்கிறார்கள். உடல்நலம் உள்ளோர் அனைவரும் போய்விட்டால் நோயில் கிடப்போருக்குத் தண்ணீர் ஊற்ற யார்? சோறு ஊட்ட யார்? அவர்களைக் கைவிடுவது அவர்களை அழிப்பதாகும் என்பதே அத்தடையின் உட்பொருள் என்று காட்டுகிறார்கள். அடுத்து இன்னொன்றும் சொல்கிறார்கள். ஓர் ஊரில் நோயாளிகள் மட்டுமே எஞ்சி, அவர்களைக் கவனிக்க ஆளின்றித் தவிக்கும்போது, உதவும் பொருட்டு வெளியிலிருந்து சிலர் வருவார்களானால், அந்த நுழைவு தடுக்கப்பட்டதாகாது; விரும்பத்தக்கதாகவே இருக்கக்கூடும். ஏனெனில் நுழைவோருக்கு நேரக்கூடிய தீங்கு ஐயத்திற்குரியது. மற்ற முஸ்லிம்களின் துன்பம் நீங்கும் என்ற நம்பிக்கையோ அங்கே இருக்கிறது. இதுவே இமாமவர்களின் கருத்து.

ஷாஃபிஈ மத்ஹபின் தூண்களில் ஒருவரான இமாம் இதனை எழுதி ஏறத்தாழ 800 ஆண்டுகள் கழித்து அன்ஸாரியின் கப்பல் புறப்பட்டது. அக்கப்பலில் இருந்த இளைஞர்கள் ‘இஹ்யா’வைப் புரட்டிவிட்டுத்தான் போனார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலக் கல்வி கற்றவர்கள். ஆனால் மதரஸாக்காரர்கள் நன்கொடை திரட்டியதும், ஆங்கிலம் படித்தவர்கள் கப்பலேறியதும் ஒரே மார்க்க உணர்வின் இரு கைகள். அபூ உபைதா (ரலி) அவர்கள் நோய் சூழ்ந்த படையை விட்டு வர மறுத்து அங்கேயே உயிர் துறந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் திரும்பிச் சென்றார்கள். தலைவர் செய்யவேண்டியதை உமரும், உடனிருப்பவர் செய்யவேண்டியதை அபூ உபைதாவும் செய்தார்கள். ஹதீஸின் முதல் பாதியை மட்டும் மனனம் செய்துகொண்டு, பக்கத்து வீட்டு நோயாளியைக் கூட எட்டிப்பாராமல் இருப்போர் எக்காலத்திலும் உண்டு. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா பரவியபோது அத்தகையோரையும் கண்டோம். உறவினரே தொட அஞ்சிய மய்யித்துகளைக் குளிர்கவசம் போன்ற உடையணிந்து சுமந்து சென்று அடக்கிய நம் இளைஞர்களையும் கண்டோம். பிற சமயத்தார் உடல்களையும் அவரவர் முறைப்படி தகனம் செய்ய அவர்கள் துணைநின்றார்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜகாத்தைப் பெறுவோர் எண்வகையினர் என்று குர்ஆன் வகுத்துள்ளது. பொருள் ஏழையின் கையில் உரிமையாகச் சேரவேண்டும் என்பதில் நம் ஃபுகஹாக்கள் கண்டிப்பானவர்கள். கூடாரமும் கட்டிலும் கப்பல் கட்டணமும் ஜகாத்திலிருந்து செலவிடத்தக்கனவா என்பதில் பழைய நூல்களின் வழக்கமான முடிவு ‘இல்லை’ என்பதே; பிற்கால அறிஞர் சிலர் ‘ஃபீ ஸபீலில்லாஹ்’ என்ற பிரிவை விரித்துப் பொருள்கொண்டனர். இத்தகைய பணிக்கு உகந்தது ஸதகா. கடமைக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாத பணத்தை, முகம் தெரியாத நோயாளிக்காகக் கொடுப்பதில் ஒரு தனிச் சுவை இருக்கிறது. அலிகர் மாணவன் ஒரு வேளைக் கறியை விட்டு மிச்சம் பிடித்த காசு அவ்வகைப்பட்டது.

இனி, குழு அங்கே என்ன செய்தது? உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது காலராவின் உச்சம் தணிந்துவிட்டிருந்தது. டிசம்பர் 3இல் போர் நிறுத்தம் கையெழுத்தாகியிருந்தது. ஆகவே நவம்பரில் ஸான் ஸ்டெஃபானோவில் தண்ணீரின்றி மடிந்தவர்களுக்கு இந்தியாவின் உதவி காலத்தில் கிட்டவில்லை. கடல்வழிப் பயணமும் பணம் திரட்டும் நாட்களும் அப்படி. ஆனால் 1913 பிப்ரவரியில் போர் மீண்டும் மூண்டது. போர்முனையை ஒட்டிய ஓமர்லி என்ற ஊரில் குழு கள மருத்துவமனை நடத்திக் காயமுற்றோரையும் நோயுற்றோரையும் கவனித்தது. அங்கிருந்து அன்ஸாரி எழுதிய கடிதங்கள் ‘காம்ரேட்’ இதழில் வெளிவந்தன. கொடுத்தவர்கள் தம் பணம் என்னவாயிற்று என்று அறிய அவை ஒரு கணக்கேடு போல் உதவின. மார்ச் 26இல் அத்ரியானோபிள் வீழ்ந்தது. மே 30இல் இலண்டன் உடன்படிக்கை. ஜூலையில் குழு இந்தியா திரும்பியது.

அந்நாளில் காலராவுக்குச் செய்யக்கூடியது என்ன என்று வாசகர் கேட்கலாம். நோய்க் கிருமியை இராபர்ட் கோக் 1883, 1884 ஆண்டுகளில் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து நிறுவியிருந்தார். உடலிலிருந்து வடியும் நீரையும் உப்பையும் ஈடுசெய்தால் நோயாளி பிழைப்பார் என்பதை, இரத்தக் குழாய் வழியே உப்புநீர் ஏற்றி, கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் என்ற மருத்துவர் காட்டிக்கொண்டிருந்தார். ஆனால் போர்க்களத்தில் ஆயிரம் பேருக்கு அதைச் செய்ய ஊசி ஏது, கொதிக்கவைத்த நீர் ஏது? உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே பெருந்திரளைக் காக்கலாம் என்பதை, 1971இல் வங்க அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலநாபிஸ் செய்துகாட்டும் வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு கசப்பான செய்தியும் உண்டு. 1865இல் மக்காவில் ஹாஜிகளிடையே காலரா பரவி, அங்கிருந்து பல நாடுகளுக்குச் சென்றது. மறு ஆண்டே இஸ்தான்பூலில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. நோயின் பிறப்பிடம் இந்தியா, அதைச் சுமந்துவருவோர் இந்திய ஹாஜிகள் என்று ஐரோப்பியர் விரல் நீட்டினர். செங்கடலில் கமரான் தீவில் நம் ஹாஜிகளை இறக்கி நாட்கணக்கில் ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு வந்தது. நோயைக் கொண்டுவருபவன் என்று பெயர் சூட்டப்பட்ட இந்திய முஸ்லிம், அரை நூற்றாண்டுக்குள் மருந்துப் பெட்டியோடு அதே இஸ்தான்பூலில் போய் இறங்கினான்.

ஆனால் மனச்சான்றை உறுத்தும் வினாவும் இதிலேயே இருக்கிறது. அந்த ஆண்டுகளில் நம் நாட்டிலேயே வாந்திபேதி இலட்சக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. வங்கத்துக் குளக்கரையில் செத்த ஏழை முஸ்லிமுக்காக இப்படி ஒரு குழு புறப்பட்டதா? கலீஃபாவின் நாடு என்ற பாசம் இல்லாதிருந்தால் இஸ்தான்பூலுக்குத்தான் போயிருப்பார்களா? அரசியலும் உணர்ச்சியும் மருத்துவத்தோடு கலந்திருந்தன என்று கூறுவோரை நாம் மறுக்கமாட்டோம். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்குப் பாவமன்னிப்புக் கிட்டிய நபிமொழியில் கலீஃபாவும் இல்லை, நாடும் இல்லை. எனினும், ஒரு கடமையைச் செய்தவரிடம் மற்றொன்றை ஏன் செய்யவில்லை என்று கேட்கும் உரிமை, இரண்டில் ஒன்றையேனும் செய்தவருக்கே உண்டு.

குழுவினர் பலர் திரும்பி வந்தனர். அன்ஸாரி தில்லியில் தம் தொழிலையும் நாட்டுப்பணியையும் தொடர்ந்தார்; ஜாமிஆ மில்லியாவை நிறுவியோரில் ஒருவரானார்; 1927 டிசம்பரில் தாம் மருத்துவம் பயின்ற அதே சென்னையில் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கினார். 1936இல் மறைந்தார்.

திரும்பாத ஒருவரும் உண்டு. பெஷாவரைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் என்ற அலிகர் மாணவர், தம் உடைமைகளை விற்றுப் பயணச் செலவைத் தேடிக்கொண்டு குழுவில் சேர்ந்தவர். தோழர்கள் கப்பலேறியபோது அவர் துருக்கியிலேயே தங்கிவிட்டார். கலிபோலிப் போரில் காயமுற்றார். 1920இல் அனதோலு செய்தி நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதில் பணியாற்றினார். அங்காரா அரசின் தூதராகக் காபூல் சென்றார். 1925இல் இஸ்தான்பூல் தெருவொன்றில், ரவூஃப் பே என்ற அரசியல் தலைவர் என்று தவறாக எண்ணி, எவனோ அவரைச் சுட்டான். அக்காயத்தால் இறந்து அந்த மண்ணிலேயே அடங்கினார்.