குடியிருக்கத் தகுதியானவர்: டச்சு வாடகை வீடுகளின் இன்னொரு வரலாறு

2012-ல் ராட்டர்டாம் நகரின் தெற்கே, டார்வெவைக் என்ற பகுதியில் ஒரு வாடகை வீடு பிடித்தேன். இரண்டாவது மாடி. டச்சு வீட்டுப் படிக்கட்டு என்பது பாதி ஏணி, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டைப் பார்த்து, பிடித்துப்போய், முன்பணமும் பேசி முடித்த பிறகுதான் தரகர் சொன்னார், மாநகராட்சியிடம் ஒரு அனுமதி வாங்கணும் என்று.

"வீட்டுக்கா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு இல்லை, உங்களுக்கு."

சம்பளச் சீட்டுகளை இணைத்து விண்ணப்பித்தேன். சில நாட்களில் கடிதம் வந்தது. நான் அந்தத் தெருவில் குடியிருக்கலாமாம். படித்துவிட்டுச் சிரித்தேன், ஃபைலில் போட்டேன், மறந்துவிட்டேன். அந்தக் காகிதத்துக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது என்பது பிறகு வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

நெதர்லாந்தின் வாடகை வீடுகள் பற்றி எல்லோரும் சொல்லும் பெருமைக் கதை ஒன்று உண்டு. அது பொய்யும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமில், குறிப்பாக யோர்டான் பகுதியில், தொழிலாளிகள் ஒற்றை அறைகளிலும், தண்ணீர் கசியும் நிலவறைகளிலும் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். 1901-ல் வீட்டுவசதிச் சட்டம் வந்தது. கட்டட விதிகளை வகுக்க வேண்டியது நகராட்சியின் கடமை ஆனது. வாழத் தகுதியற்ற வீட்டை அப்படியே அறிவித்துக் காலி செய்ய வைக்கலாம். லாப நோக்கமில்லாத வீட்டுவசதிச் சங்கங்களுக்கு அரசு கடன் கொடுக்கும். இன்று வரை ஏழைகளுக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் வாடகை வீடு தரும் சங்கங்கள் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள்தான்.

அதன் உச்சம் ஆம்ஸ்டர்டாமின் ஸ்பார்ன்டம்மர் பகுதியில் நிற்கிறது. மிஷெல் டெ க்ளெர்க் வடிவமைத்து 1921-ல் முடிந்த குடியிருப்பு. வடிவத்தைப் பார்த்து ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'கப்பல்'. செங்கல்லை மாவு பிசைந்த மாதிரி வளைத்திருப்பார். ஒரு பயனும் இல்லாத, அழகுக்காக மட்டும் எழுப்பிய கோபுரம் ஒன்று. தொழிலாளிக்கு எதற்குக் கோபுரம் என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. கட்டிய சங்கத்தின் பெயர் 'சொந்த அடுப்பு' என்று பொருள்படும். எனக்கு அந்தப் பெயர் கட்டடத்தை விடவும் பிடிக்கும். டெ க்ளெர்க் 1923-ல் தன் 39-ஆவது பிறந்தநாளன்றே இறந்துபோனார்.

இதையெல்லாம் நகராட்சிப் பக்கத்திலிருந்து சாத்தியமாக்கியவர்கள் இரண்டு பேர். சோஷலிஸ்ட் கட்சியின் ஃப்ளோர் விபௌட், வீட்டுவசதித் துறை இயக்குநர் ஆரீ கெப்லர். விபௌட் பெயரோடு எதுகை சேர்த்து, 'யார் கட்டுகிறார்? விபௌட்!' என்று ஒரு கோஷமே இருந்தது. டச்சில் சொன்னால் இன்னும் நன்றாக ஒலிக்கும்.

சரி, வீடு கட்டியாச்சு. யாருக்குக் கொடுப்பது? கதை இங்கேதான் திரும்புகிறது.

சங்கத்து வீடு கிடைக்க நிரந்தரக் கூலி இருக்கணும், பழைய வீட்டில் வாடகை பாக்கி இருக்கக் கூடாது, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கணும். இதைச் சோதிக்க 'குடியிருப்பு மேற்பார்வையாளர்' என்று பெண்கள் இருந்தார்கள். இந்த முறையை லண்டனில் ஆக்டேவியா ஹில்லிடம் கற்றுக்கொண்டு ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியவர் யோஹன்னா டெர் மியூலன். வாரா வாரம் வாடகை வசூலிக்க வருவார்கள். வந்த இடத்தில் படுக்கை, அடுப்பு, பிள்ளைகளின் தலை எல்லாம் கண்ணில் படும், குறிப்பேட்டில் ஏறும். அக்கறையும் கண்காணிப்பும் ஒரே கதவு வழியாக உள்ளே வந்தன.

பழைய சேரிகளை இடிக்க இடிக்க, எந்தச் சங்கமும் ஏற்காத குடும்பங்கள் மிஞ்சின. அதிகாரபூர்வமாகவே அவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது: 'அனுமதிக்க முடியாத குடும்பங்கள்'. வாடகை பாக்கி, குடி, சண்டை, அழுக்கு இவைதான் காரணங்கள். இவர்களுக்காகக் கெப்லரின் துறை 1927-ல் ஆம்ஸ்டர்டாமின் வடக்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு குடியிருப்பைத் திறந்தது. பெயர் ஆஸ்டர்டோர்ப். ஆஸ்டர் என்பது பூ, டோர்ப் என்றால் கிராமம். கேட்க இனிமையான பெயர். சுமார் 130 வீடுகள், சுற்றிலும் சுவர், உள்ளே போக ஒரே வாசல். மேற்பார்வையாளர் சொல்லிக் கொடுப்பார், பார்த்துக்கொண்டும் இருப்பார். ஒழுங்காக வாழப் பழகிவிட்டார்கள் என்று தோன்றினால் சாதாரண வீட்டுக்கு மாற்றுவார்கள். வாழக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் என்பதுதான் எண்ணம்.

கெப்லரைக் கொடுமைக்காரர் என்று எழுதிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. தெருவில் விடப்பட வேண்டியவர்களுக்கு அவர் கூரை கொடுத்தார், ஏணி என்று நம்பித்தான் கட்டினார். ஆனா அங்கிருந்து வெளியேறியவர்களையும் அந்த முகவரி விடவில்லை. ஆஸ்டர்டோர்ப்காரன் என்றால் வேலை கொடுக்க யோசித்தார்கள். 1940 மே 14-ல் ஜெர்மானியர் ராட்டர்டாம் மீது குண்டு வீசினார்கள். அதில் வீடிழந்தவர்கள் கொஞ்ச காலம் அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். பிறகு 1942-ல், நாடு ஆக்கிரமிப்பில் இருந்தபோது, யூதக் குடும்பங்களை அங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். அங்கிருந்து வெஸ்டர்போர்க் முகாம், அதற்கப்புறம் கிழக்கே போகும் ரயில். நல்லெண்ணத்தில் கட்டிய சுவர் இன்னொருவன் கைக்குத் தயாராக நின்றது. 1950-களில் எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள், வாசல் கட்டடம் மட்டும் மிச்சம். போய்ப் பார்த்தேன். செங்கல், நடுவில் வழி. உள்ளே நுழைந்தால் பின்னால் ஒன்றும் இல்லை.

போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம். அதை 'மக்களின் முதல் எதிரி' என்றே அழைத்தார்கள். 1947 சட்டத்தின்படி யாருக்கு எந்த வீடு என்பதை நகராட்சி பங்கிட்டது. கல்யாணமானவர்கள் வருடக்கணக்காக மாமியார் வீட்டு மாடியில் காத்திருந்தார்கள். இந்தக் கூட்டத்தின் கடைசியில் வந்து நின்றவர்கள் துருக்கி, மொராக்கோ தொழிலாளிகள். அவர்களுக்கு வரிசையே கிடையாது, ஒரே அறையில் அடுக்குக் கட்டில் போட்ட விடுதிகள்தான்.

1972 ஆகஸ்டில், என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள ஆஃப்ரிகாண்டர்வைக்கில் கலவரம் வெடித்தது. துருக்கிய வீட்டுக்காரர் ஒருவர் ஒரு டச்சுப் பெண்ணைக் காலி செய்யச் சொன்ன தகராறு அது. பல நாட்கள் விடுதிகளின் ஜன்னல்கள் உடைந்தன, கட்டில்களும் மெத்தைகளும் தெருவுக்கு வந்தன. ராட்டர்டாம் நகர மன்றம் இதற்குக் கண்ட தீர்வு: எந்தப் பகுதியிலும் வெளிநாட்டவர் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த விதியைப் பின்னர் மேலிடம் ரத்து செய்தது. ஆம்ஸ்டர்டாமின் பெய்ல்மர்மேர் அடுக்குமாடிகளிலும் சுரிநாமிலிருந்து வந்தவர்களுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்திருந்தார்கள். பாதி ஃப்ளாட் காலியாகக் கிடந்தால் யார் சும்மா இருப்பார்கள்? 1974-ல் க்ளிப்ஹூவ் என்ற கட்டடத்தில் சுரிநாம் குடும்பங்கள் பூட்டைத் திறந்து குடியேறிவிட்டன.

ஒரு விஷயத்தில் டச்சுக்காரர்களைப் பாராட்டியே ஆகணும். 1970-களின் இறுதியிலிருந்து அங்கே வீட்டுக்குப் புள்ளி போடும் முறை இருக்கிறது. அறையின் பரப்பு, சமையலறை, சூடேற்றும் வசதி என எல்லாவற்றுக்கும் புள்ளி. கூட்டினால் அதிகபட்ச வாடகை இவ்வளவுதான் என்று வந்துவிடும். குடிபோய் ஆறு மாதத்துக்குள் வாடகை ஆணையத்தில் முறையிட்டுக் குறைக்கவும் முடியும். வீட்டை எடை போட இவ்வளவு நியாயமான தராசு வைத்திருக்கும் ஊர், குடியிருப்பவரை எடை போடத் தொடங்கினால் மட்டும் ஏனோ கை நடுங்குகிறது.

என் காகிதத்துக்கு வருவோம். 2006-ல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. நீளமான அதிகாரபூர்வப் பெயர் இருந்தாலும் எல்லோரும் 'ராட்டர்டாம் சட்டம்' என்றே சொல்வார்கள். குறிப்பிட்ட சில பகுதிகளில், அந்த வட்டாரத்தில் ஆறு வருடம் வாழாத புதியவர்கள் வாடகைக்கு வர வேண்டுமானால் உழைப்பு வருமானம் அல்லது ஓய்வூதியம் போல ஏதாவது காட்டணும். அரசு உதவித்தொகையில் வாழ்பவருக்கு அனுமதி இல்லை. டார்வெவைக் அந்தப் பட்டியலில் இருந்தது. பெயருக்குக் கோதுமைப் பேட்டை என்று பொருள். பக்கத்துத் துறைமுகத்தில் பழைய தானியக் கிடங்கு இன்னும் மலை மாதிரி நிற்கிறது.

2007-ல் ஒரு பெண், இரண்டு சின்னக் குழந்தைகளோடு தனியாக வாழும் தாய், டார்வெவைக்கில் ஒற்றை அறையில் இருந்தார். வீட்டுக்காரரே அதே பகுதியில் தோட்டத்தோடு மூன்று அறை வீடு ஒன்றைத் தருவதாகச் சொன்னார். மாநகராட்சி அனுமதி மறுத்தது. அவர் அங்கே ஏற்கெனவே வசிப்பவர், ஆனால் ஆறு வருடம் ஆகவில்லை, சம்பளமும் இல்லை. வழக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2017 நவம்பரில் 17 நீதிபதிகள் கொண்ட பேரமர்வு 12-க்கு 5 என்று, உரிமை மீறல் இல்லை எனத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் படித்த இரவில்தான் ஃபைலைத் திறந்து என் கடிதத்தை மறுபடி எடுத்தேன். அவருக்கு மறுத்த அதே விதி எனக்குக் கதவைத் திறந்திருக்கிறது. நான் அந்த ஊருக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இதை ராட்டர்டாமில் ஒரு யாழ்ப்பாணத்து ஐயாவிடம் சொன்னேன். 1985-ல் வந்தவர். அந்த வருடம் டச்சு அரசு இலங்கைத் தமிழ் அகதிகளுக்கென்றே தனி ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. மற்ற அகதிகளுக்குக் கிடைத்த உதவித்தொகை இவர்களுக்குக் கிடையாது. அது இல்லாவிட்டால் வீடு வாடகைக்கு எடுப்பதும் இல்லை. பதிலாக விடுதியில் இடம், சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவு. 'படுக்கை, குளியல், ரொட்டி' என்று டச்சில் இன்றும் புழங்கும் சொற்றொடர் அப்போது தமிழர்களை வைத்துப் பிறந்ததுதான். 1987-ல் அதே மாதிரியை எல்லா அகதி விண்ணப்பதாரர்களுக்கும் விரித்தார்கள்.

ஐயா கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, உமக்குப் பேப்பராவது தந்தவங்கள். எங்களுக்குப் பாண்தான் தந்தவங்கள். சமைக்கவும் விட மாட்டாங்கள்."

முதல் வாடகை வீடு எப்போது கிடைத்தது என்று கேட்டேன். 89-ல், மூன்றாவது மாடி, சாவியைக் கையில் தந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது என்றார்.

"முதல் நாள் என்ன சமைச்சீங்க?"

"சோறும் பருப்பும். இனி ஒரு மாதத்துக்குப் பாணை இந்த வீட்டு வாசலுக்குள்ள கொண்டுவரக் கூடாதெண்டு மனுசிக்குச் சொல்லிப் போட்டன்."