செவிலியரின் கண்

மருத்துவ வரலாற்றைப் புரட்டினால் அர்ராஸி, இப்னு ஸீனா என மேதைகளின் பெயர்கள் அணிவகுக்கின்றன. நோயாளியின் அருகே இரவெல்லாம் விழித்திருந்தவர்களின் பெயர்களோ அரிதாகவே கிடைக்கின்றன. அவ்வாறு நிலைத்த பெயர்களுள் ஒன்று ருஃபைதா (ரலி) அவர்களுடையது. கி.பி. 627-இல் நிகழ்ந்த அகழ்ப்போரில் அம்பு பாய்ந்து காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மதீனாப் பள்ளிவாசலில் அவ்வம்மையார் அமைத்திருந்த கூடாரத்தில் சேர்க்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அருகிலிருந்தால் அடிக்கடி சென்று நலம் காணலாம் என்பதே நோக்கம். நோயாளி கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்கவேண்டும் என்னும் முதற்பாடம் அங்கேயே இருக்கிறதன்றோ!

1854-இல் துருக்கியின் உஸ்குதார் போர் மருத்துவமனைக்குச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1859-இல் வெளியிட்ட தம் செவிலியர் நூலில், நோயாளியைக் கூர்ந்து நோக்குவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். தமிழகத்தில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909-இல் வேலூரில் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. சென்னை மாகாணச் சட்டம் 1926-இலும், இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947-இலும் இத்தொழிலுக்குத் தகுதியும் பதிவும் வகுத்தன.

ஆயினும், சான்றிதழ் கண்ணைத் தருவதில்லை. பழக்கமும் அக்கறையுமே தருகின்றன. கொங்கு நாட்டு அன்னூரை எடுத்துக்கொள்வோம். கோவை–சத்தியமங்கலம் சாலையும் மேட்டுப்பாளையம்–அவினாசி சாலையும் சந்திக்கும் ஊர் அது. கோவைப் பெரிய மருத்துவமனைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். இத்தகைய ஊர்ப்புறங்களில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவில் பிள்ளை பெற்ற தாயின் அருகே இருப்பவர் பெரும்பாலும் செவிலியரே.

தாய், "ஒரு மாதிரியாக இருக்கிறது" என்கிறாள். இரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. கருவியின் எண்ணை மட்டும் நம்புபவர் கவலையில்லை என்பார். தேர்ந்த செவிலியரோ, 80-ஆக இருந்த நாடித்துடிப்பு 110-ஆக ஏறியதையும், உள்ளங்கை குளிர்ந்து வியர்ப்பதையும், துணி நனையும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். இழந்த குருதியை ஈடுகட்டவே இதயம் விரைகிறது; அழுத்தம் விழுவது பிந்திய அடையாளம். 500 மில்லிக்கு மேல் குருதி போனாலே ஆபத்தின் எல்லை. வயிற்றில் கைவைத்துக் கருப்பை தளர்ந்திருப்பதை அறிகிறார். பிசைந்து இறுகச் செய்கிறார். ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார். மருத்துவருக்குச் சொல்லி, தமிழகத்தில் 2008-இல் வந்த 108 ஊர்தியையும் அழைக்கிறார்.

இவ்வளவும் நடந்தபின், "விடியட்டுமே, கோவைக்குப் போகலாம்" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னால், அந்தக் கண் கண்டது அனைத்தும் வீண். செவிலியரை ஊசி போடுபவர் என்று மட்டும் எண்ணிப் பழகிவிட்டோம். முதலில் அபாயத்தைக் காண்பவர் அவரே. "இப்போதே புறப்படுங்கள்" என்று அவர் சொல்லும்போது, வீட்டார் கேள்வி கேட்கலாம், காலம் தாழ்த்தலாகாது.