நிறுவ ஒரு நாள், பேணப் பத்தாண்டு: களியக்காவிளையின் இருபுறமும் லினக்ஸ்

குளத்தூரில் வளர்ந்தவர்களுக்கு எல்லை என்பது வரைபடத்தில் காணும் கோடு அன்று. பேருந்தில் கடந்து செல்லும் அன்றாட நிகழ்வு. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய வட்டங்களுள் எங்கள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மொழியையும் நிலத்தையும் முன்வைத்து இவ்வெல்லை குறித்துப் பலரும் எழுதியுள்ளனர். அரை நூற்றாண்டுக்குப் பின் இதே எல்லையின் இருபுறமும் நடந்த வேறொரு முயற்சியைப் பற்றியது இப்பதிவு. பொதுத்துறைக் கணினிகளை லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாற்றிய முயற்சி அது.

முதலில் ஒரு கருத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட கெர்னலை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். எனினும் மின்கட்டணக் கணக்கையோ தேர்வு முடிவுகளையோ தாங்கும் சர்வருக்கு இயங்குதளம் கிடைத்தால் மட்டும் போதாது. பல ஆண்டுகள் அது மாறாமலும் பாதுகாப்பாகவும் இருத்தல் வேண்டும். இத்தேவையே 'என்டர்பிரைஸ்' லினக்ஸ் என்னும் வகையை உருவாக்கியது. சுசே நிறுவனம் 2000இல் ஐபிஎம் பெருங்கணினிகளுக்காக அத்தகைய பதிப்பை வெளியிட்டது. ரெட்ஹேட் 2002இல் தன் பதிப்பைக் கொணர்ந்தது. இவற்றின் செய்ம்முறை எளிது. ஒரு கெர்னல் பதிப்பைத் தேர்ந்து அதை நிலைநிறுத்துவர். பின்னர் வரும் பதிப்புகளிலுள்ள பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் பொருத்துவர். எந்தச் சர்வரில், எந்த ரெய்டு அட்டையில் அது இயங்கும் என்பதற்குச் சான்றும் அளிப்பர். வாடிக்கையாளர் பணம் கொடுப்பது மென்பொருளுக்கு அன்று. இந்த நெடுங்கால வாக்குறுதிக்கே. 2004 ஏப்ரல் 30 அன்று ரெட்ஹேட் லினக்ஸ் 9க்கான ஆதரவு முடிந்தபோது, 'இலவசம்' என்பதும் 'பேணப்படுவது' என்பதும் வெவ்வேறு என்பதை உலகெங்குமுள்ள நிர்வாகிகள் உணர்ந்தனர்.

இனி எல்லையின் மேற்குப் புறம். 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. கேரள அரசின் ஐடி அட் ஸ்கூல் திட்டமும் அதே ஆண்டில் தோன்றியது. தொடக்கத்தில் அத்திட்டம் தனியுரிமை மென்பொருளையே சார்ந்திருந்தது. ஆசிரியர்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின், அப்பத்தாண்டிற்குள்ளேயே பள்ளிகள் குனு லினக்ஸுக்கு மாறின. பணியிலிருந்த பள்ளி ஆசிரியர்களையே 'மாஸ்டர் டிரெய்னர்'களாகப் பயிற்றுவித்ததும், ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரிடம் கணினி ஒருங்கிணைப்பை ஒப்படைத்ததும் இம்மாற்றத்தின் உட்கூறுகள். கணினி பழுதுற்றால் முதலில் கேட்கவேண்டியவர் அடுத்த அறையிலேயே இருந்தார். 2017இல் அத்திட்டம் கைட் என்னும் நிறுவனமாயிற்று. தமிழ்வழிப் பள்ளிகளையும் உள்ளடக்கிய அப்பள்ளி அமைப்புக்கான கைட் குனு லினக்ஸ் 22.04 பதிப்பு 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. பள்ளிக்கு வெளியே, கேரள மின்வாரியம் தன் கட்டணக் கணக்குக்கான 'ஒருமா' மென்பொருளைக் கட்டற்ற கருவிகளைக் கொண்டு தன் பணியாளர்களாலேயே உருவாக்கியது. கட்டற்ற மென்பொருளுக்கெனவே ஐசிஃபாஸ் என்னும் தன்னாட்சி நிறுவனத்தை மாநில அரசு 2011இல் அமைத்தது.

கிழக்குப் புறத்திலும் முயற்சிக்குக் குறைவில்லை. 2005இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தில் அண்ணா பல்கலைக்கழகமும் சென்னை சி-டாக்கும் பங்கேற்றன. பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக 2006 முதல் 2008 வரை இருந்த சி. உமாசங்கர், அலுவலகக் கணினிகளையும் சர்வர்களையும் சுசே லினக்ஸுக்கு மாற்றும் பணியை உறுதியோடு முன்னெடுத்தார். அக்காலத்தில் இந்திய மாநிலம் ஒன்றில் நிறுவனத்தர லினக்ஸ் இவ்வளவு விரிவாக முயலப்பட்டது அரிது. ஆனால் அவர் அப்பொறுப்பிலிருந்து விலகிய பின் அவ்வேகம் நீடிக்கவில்லை. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் ஒரே கணினியில் அருகருகே இடம்பெற்றன. எதைத் திறப்பது என்பது பயனரின் பழக்கத்திற்கு விடப்பட்டது.

இதனைக் கேரளத்தின் வெற்றி, தமிழகத்தின் தோல்வி எனச் சுருக்குவது வரலாறாகாது. பள்ளி ஆய்வகத்தின் மேசைக்கணினி ஒரு நாள் இயங்காவிடில் பாடம் தள்ளிப்போகும்; தரவுத்தளச் சர்வர் ஒரு மணிநேரம் நின்றால் அலுவலகமே நிற்கும். இரண்டாம் வகைக்குக் கட்டண ஆதரவை நாடியது நியாயமானதே. நான் சுட்ட விழைவது வேறு: ஆதரவு எங்கே குடியிருந்தது என்னும் வினா. மேற்கில் அது பல்லாயிரம் ஆசிரியர்களிடம் பரவியிருந்தது. கிழக்கில் ஓர் அலுவலரின் ஊக்கத்தையும் ஒப்பந்தத்தையும் பெரிதும் சார்ந்திருந்தது. முதலாவது இடமாற்ற ஆணைகளைத் தாண்டி நின்றது. இரண்டாவதால் அது இயலவில்லை.

இவ்வினா பழையதன்று என்பதற்குச் சான்று 2020 டிசம்பர் 8. ரெட்ஹேட் பதிப்பின் கட்டணமற்ற மறுவடிவமாகிய சென்ட்ஓஎஸ், உலகெங்கும் பல்கலைக்கழகங்களின் விருப்பத் தேர்வாக இருந்தது. அதன் எட்டாம் பதிப்பு 2029 வரை பேணப்படும் என்பதே எதிர்பார்ப்பு. 2021 இறுதியோடு முடியும் என அன்று அறிவிக்கப்பட்டது. அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் மாற்றாக 2021இல் எழுந்தன. ஏழாம் பதிப்பின் காலமும் 2024 ஜூன் 30 அன்று முடிந்தது.

ஒரு கல்லூரியின் பழைய சர்வரைப் புதுப்பிக்க உதவச் சென்றபோது இதன் பொருளைக் கண்கூடாகக் கண்டேன். நிறுவல் தொடங்கியது, வட்டு ஒன்றுகூடத் திரையில் தோன்றவில்லை. பழைய ரெய்டு அட்டைகள் பலவற்றுக்கான இயக்கிகளைப் புதிய தலைமுறைப் பதிப்புகள் கைவிட்டிருந்தன. இயக்கியைத் தனியே தேடிச் சேர்த்து வேலையை முடித்தோம். ஆயினும் ஒவ்வொரு கெர்னல் மேம்படுத்தலின்போதும் அதை யார் நினைவில் வைத்திருப்பார் என்று கேட்டேன், அறையில் விடையில்லை. முதன்முதலில் அந்தச் சர்வரை நிறுவியவர் தற்காலிகப் பணியாளர், எப்போதோ விலகிவிட்டார். அவர் எழுதிய குறிப்பேடும் கிடைக்கவில்லை.

அக்குறிப்பேடே நம் துறைக்குரிய சான்றாதாரம். கொள்முதல் ஆணைகளும் தொடக்கவிழாப் படங்களும் ஆவணக் காப்பகங்களை அடைகின்றன. எந்த இரவில் எந்தச் சர்வர் வீழ்ந்தது, யார் எவ்வாறு மீட்டார் என்பது எங்கும் சேர்வதில்லை. ஆகவே நம் தொழில்நுட்ப வரலாறு வாங்கியவர்களின் வரலாறாக எழுதப்படுகிறது. பேணியவர்கள் அதில் இல்லை. ஐடி அட் ஸ்கூலின் முதல் தலைமுறை ஆசிரியர்கள் ஓய்வுபெற்று வருகின்றனர். எல்காட் காலத்துப் பொறியாளர்கள் வேறு பணிகளுக்குச் சென்றுவிட்டனர். இருசாராரின் வாய்மொழி வரலாற்றையும் இருமொழியிலும் பதிவுசெய்ய எல்லைப்புற மாணவர்களைவிடப் பொருத்தமானவர் இலர். ஆய்வுத் தலைப்புத் தேடும் முதுகலை மாணவர்கள் இதனைக் கருதவேண்டும். தங்கள் கல்லூரியின் சர்வர் அறையிலிருந்தே தொடங்கலாம்.