மையிட்ட விரல்

1980 ஜனவரியில் மக்களவைத் தேர்தல் நடந்தபோது, மயிலாப்பூரில் பாட்டியார் வீட்டில் தங்கி, மாநிலக் கல்லூரியில் அரசியல் விஞ்ஞானம் பயின்றுவந்தேன். வாக்குரிமையைக் கூறும் 326ஆம் பிரிவு எனக்கு மனப்பாடம். ஆயினும் வாக்கு இல்லை. அன்று வயது வரம்பு 21, எனக்கோ 19. எழுத்தறியாப் பாட்டியார் விரலில் மையுடன் திரும்பியது கண்டு மனம் புழுங்கினேன்.

பேராசிரியரிடம் முறையிட்டேன். "1935ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்தோ, வரியோ, படிப்போ உடையவர்க்கே பெரும்பாலும் வாக்கு. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம் அவற்றுள் எதையும் கேட்கவில்லை. உம் பாட்டியாரின் விரலே அதற்குச் சான்று" என்றார். நாணித் தலைகுனிந்தேன்.

1989இல் வயது வரம்பு 18 ஆயிற்று. வாக்கு, படிப்புக்குக் கிடைத்த பரிசன்று. எளியோரையும் உங்களையும் சமமாக நிறுத்தும் உரிமை. அதனை மறவாதீர்!