ஹால் சுவரில் ஆன்டிக் கடிகாரம்... எதைப் பார்த்து வாங்கணும், எங்கே மாட்டணும்?

மொபைலில் மணி பார்க்கும் காலம் இது. ஆனாலும் ஹாலுக்கு ஒரு கடிகாரம் வேண்டும் என்று தேடுபவர்கள் குறையவில்லை. அதிலும் தேக்குப் பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே ஆடும் பெண்டுலம், ரோமன் எண்கள் என்று பழைய காலத்துத் தோற்றம் உள்ளவைதான் பலரின் தேர்வு. வெள்ளைச் சுவரும் சாம்பல் நிற சோபாவுமாக எல்லா ஃபிளாட்டும் ஒரே மாதிரி ஆகிவிட்டதால், ஹாலில் வயதான பொருள் ஒன்றாவது இருக்கட்டும் என்று மனசு கேட்கிறதோ என்னவோ!

கடைக்குப் போகும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தேவை உண்மையிலேயே பழைய கடிகாரமா, பழசு மாதிரி இருக்கும் புதுசா? இரண்டுமே நல்லதுதான். இரண்டாவதை முதலாவது என்று நம்பிப் பணம் கொடுப்பதில்தான் சிக்கல்.

புதிதாக வரும் ‘ஆன்டிக் லுக்’ கடிகாரங்கள் பெரும்பாலும் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் இயந்திரம் கொண்டவை. பெண்டுலம் ஆடும். ஆனால், அதற்கும் நேரத்துக்கும் சம்பந்தமில்லை. அது சும்மா அழகுக்கு. ரயில்வே ஸ்டேஷன்களில் இருப்பதுபோல இரண்டு பக்கமும் முகம் உள்ள இரும்புக் கடிகாரங்களும் இப்போது ஆன்லைனில் நிறைய விற்கின்றன. அவற்றில் சிலவற்றில் ‘விக்டோரியா ஸ்டேஷன், லண்டன், 1747’ என்று எழுதியிருக்கும். அந்த ஸ்டேஷன் திறக்கப்பட்டதே 1860-ல்தான். 1747-ல் இங்கிலாந்தில் ரயிலே ஓடவில்லை. அழகுக்கு வாங்கினால் வாங்கலாம். வரும் விருந்தாளியிடம் ‘1747-ம் வருஷத்து பீஸ்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நிஜமான பழைய கடிகாரம் வேண்டும் என்பவர்கள் ஒரு முறை காரைக்குடி போய் வரலாம். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்த நகரத்தார், வீடு கட்டும்போது பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி பளிங்கு என்று கடல் கடந்து கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் அன்சோனியா, சேத் தாமஸ், ஜெர்மனியின் யுங்ஹான்ஸ், ஜப்பானின் செய்கோஷா என்று பழைய கடிகாரச் சந்தையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் சில உண்டு. செய்கோஷா என்பது 1892-ல் டோக்கியோவில் சுவர்க் கடிகாரம் செய்யத் தொடங்கிய தொழிற்சாலை. இன்றைய செய்கோ கம்பெனியின் மூத்த தலைமுறை அது.

பழசுதானா? எப்படித் தெரியும்?

டயலில் பெயர் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பேப்பர் டயலைப் புதிதாக அச்சடித்து ஒட்டுவது ரொம்ப சுலபம். டயலைக் கழற்றி, உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால், விலையை நீங்கள் தயங்கிப் பேசலாம்.

அடுத்து ஸ்க்ரூ. ‘ஸ்டார்’ தலை ஸ்க்ரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1900-ல் செய்தது என்று சொல்லும் கடிகாரத்தில் அது இருந்தால், பின்னால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். பழைய கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்தால் லேசாக அலை அலையாகத் தெரியும். ரோமன் எண்ணில் நான்கை ‘IV’ என்று போடாமல் ‘IIII’ என்று போட்டிருந்தால் போலி என்று நினைக்க வேண்டாம். கடிகாரங்களில் அதுதான் பழைய வழக்கம். பெட்டியின் மூலைகளில் ஊசித்துளைகளும் அதன் கீழே மாவு மாதிரித் தூளும் இருந்தால், மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மருந்து அடிக்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்தால் உங்கள் சோபாவுக்கும் பரவலாம்.

முக்கியமான இன்னொன்று: உள்ளே இருந்த இயந்திரத்தை எடுத்துவிட்டு குவார்ட்ஸ் வைத்து விற்பதும் நடக்கிறது. டயலில் சாவித் துவாரம் இருக்கும், சாவி மட்டும் எதிலும் மாட்டாது. அப்படிப்பட்டதற்குப் பெட்டியின் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

எங்கே மாட்டலாம்?

நம் வீடுகளில் பொதுவாக நடக்கும் தவறு, கடிகாரத்தை ஃபேன் உயரத்துக்கு ஏற்றிவிடுவது. டயலின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் ஐந்தரை அடியில் இருந்தால் நின்று பார்க்க, கதவைத் திறந்து சாவி கொடுக்க, இரண்டுக்கும் வசதி. சோபாவுக்கு மேலே என்றால், சோபா முதுகுக்கும் கடிகாரத்தின் அடிக்கும் நடுவே அரை அடி முதல் முக்கால் அடி வரை இடைவெளி போதும். டி.வி இருக்கும் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். ஆடும் பெண்டுலமும் ஓடும் படமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கண் எதிலும் நிற்காது.

கறுத்த தேக்குக்கு வெள்ளை, சந்தன நிறம், மங்கிய பச்சை போன்ற சுவர்கள் நன்றாக எடுப்பாக இருக்கும். பூப்போட்ட வால்பேப்பர் வேண்டவே வேண்டாம். சுற்றிலும் நான்கைந்து போட்டோ ஃபிரேம் மாட்டி நெருக்கடி செய்யாமல், தனியாக விடுங்கள். கீழே ஒரு சின்ன மர ஸ்டூலும் ஒரு பித்தளைச் செம்பும் இருந்தால் தாராளம்.

வெயில் நேராக விழும் சுவர் கூடாது, பாலிஷ் வெடிக்கும். ஏ.சி காற்று நேராக அடிக்கும் இடமும் கூடாது. தெற்குச் சுவரில் மாட்டக் கூடாது என்று வாஸ்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் வடக்கிலோ கிழக்கிலோ மாட்டிக்கொள்ளட்டும். கடிகாரத்தைப் பொறுத்தவரை அதற்குத் தேவை ஆடாத, உறுதியான செங்கல் சுவர். ஜிப்சம் போர்டு தடுப்பில் மாட்டினால் எடையும் தாங்காது, பெண்டுலமும் சரியாக ஆடாது.

மாட்டியாச்சு, ஓட மாட்டேங்குதே!

பழைய கடிகாரம் வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. பெரும்பாலும் கோளாறு இயந்திரத்தில் இல்லை, மாட்டியதில்தான். பெட்டியை நேராக மாட்டி, கண்ணை மூடிக் கேளுங்கள். ‘டிக்... டாக்... டிக்... டாக்’ என்று சம இடைவெளியில் வர வேண்டும். ‘டிக்டாக்... டிக்டாக்’ என்று நொண்டி அடித்தால் சில நிமிடங்களில் நின்றுவிடும். பெட்டியின் அடியை இடம் வலமாக ஒரு நூல் நகர்த்தி, சத்தம் சமமானதும் அங்கேயே அசையாமல் நிறுத்துங்கள்.

நேரம் பின்தங்கினால் பெண்டுலக் குண்டின் அடியில் இருக்கும் திருகைச் சுற்றிக் குண்டை மேலே ஏற்ற வேண்டும். முந்தினால் கீழே இறக்க வேண்டும். கால் மீட்டர் பெண்டுலத்தில் 1 மில்லிமீட்டர் ஏற்றினாலே ஒரு நாளைக்குச் சுமார் 3 நிமிடம் வேகம் கூடிவிடும். அதனால் கால் சுற்று, அரைச் சுற்று என்று மெதுவாகப் போங்கள். சித்திரை வெயிலில் கடிகாரம் கொஞ்சம் பின்தங்குவதும் இயல்பே. இரும்புக் கம்பி சூட்டில் நீளும். 10 டிகிரி கூடினால் நாளுக்கு 5 விநாடி போல இழக்கும்.

முள்ளைப் பின்பக்கமாகத் திருப்பவே கூடாது. முன்னால் நகர்த்தும்போதும், ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தி, அது அடித்து முடித்த பிறகு மேலே போங்கள். அவசரப்பட்டால் முள் மூன்றில் இருக்கும், மணி ஏழு அடிக்கும்.

‘ஆன்டிக் ஃபினிஷ்’ பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். அந்தக் கருமை ஒரு மேற்பூச்சு. ஒரே தேய்ப்பில் போய்விடும், திரும்ப வராது.

ஊர் வீட்டுப் பரணில் ஒன்று இருக்கா?

இருந்தால் கடைக்கே போக வேண்டாம். ஓடாத கடிகாரம் வீட்டில் ஆகாது என்று சொல்லிப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்ட குடும்பங்கள் எத்தனையோ! ஓடாததற்குப் பல நேரம் காரணம், வருடக்கணக்கில் இறுகிப்போன எண்ணெயும் தூசியும்தான். கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டால் மறுபடி ஓடும். சாவி தொலைந்திருந்தால் துவாரத்தின் அளவுக்கு வேறு சாவி கிடைக்கும். ‘பார்ட்ஸ் கிடைக்காது, குவார்ட்ஸ் போட்டுத் தர்றேன்’ என்று யாராவது சொன்னால், இன்னொருவரிடம் காட்டும்வரை சம்மதிக்காதீர்கள். அப்படியே போட்டாலும், கழற்றிய இயந்திரத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதைக் கையோடு எடுத்துப்போக ஆசைப்படலாம். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளைக் கடந்த கலைப் பொருட்களைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. வயது அதற்குக் குறைவுதான் என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘இது தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது. ஏர்போர்ட்டில் போய் வாதாட வேண்டாம்.

கடைசியாக, ராத்திரி சத்தம். பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு முறை அடிப்பது ஹாலில் படுக்கும் பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் கஷ்டம். மணி அடிக்கும் கடிகாரங்களில் பொதுவாக இரண்டு சாவித் துவாரங்கள் இருக்கும். வலது பக்கம் நேரத்துக்கு, இடது பக்கம் மணிக்கு. இடது பக்கத்துக்குச் சாவி கொடுக்காமல் விட்டால் ஸ்பிரிங் தளர்ந்து மணி தானாக நின்றுவிடும். கடிகாரம் பாட்டுக்கு ஓடும். குழந்தை வளர்ந்த பிறகு மறுபடி சாவி கொடுத்துக்கொள்ளலாம்.