தாளமும் குழந்தையின் உடலியக்கமும்

பாட்டாலும் தாளத்தாலும் சிறு குழந்தைகளின் உடலியக்கத் திறனை வளர்க்கும் முறை தமிழுக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவம், ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் ஐந்தாம் மாதக் குழந்தையைக் காட்டுகிறது. சப்பாணிப் பருவம், உட்கார்ந்து கைகொட்டும் ஒன்பதாம் மாதத்தை. கழுத்து, முதுகு, கை என்று உடல் வசப்படும் வரிசையை நம் புலவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்! 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியே, இண்டூர் போன்ற தருமபுரி மாவட்டத்து ஊர்ப்புறங்களிலும் பாட்டோடு குழந்தையை ஆடவைக்கும் வழக்கம் அங்கன்வாடிப் பாட்டாகத் தொடர முடிகிறது. தமிழக அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’.

பாட்டில்லாமலும் பிள்ளை நடக்கத்தானே செய்யும் என்பார்கள். உண்மைதான். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தனியே நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள் வருகிறது. பாட்டைக் கொண்டு அதை அவசரப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒற்றைக்காலில் நொண்டுவதும், ஓடும்போது சட்டென நிற்பதும் பழகப் பழக வருபவை. தாளம் அடுத்த அடி எப்போது விழும் என்பதை முன்கூட்டியே உணர்த்துகிறது. காது எதிர்பார்க்க, கால் தயாராகிறது. பாட்டு நின்றதும், தூக்கிய காலோடு தள்ளாடி நிற்கும் நான்கு வயதுக் குழந்தையின் கணுக்காலைப் பாருங்கள்: சமநிலைப் பயிற்சி அங்கேதான் நடக்கிறது. இதற்கு ஒலிபெருக்கி எதற்கு? கைதட்டலும் ஒரு குரலும் போதும்.