டிஷ் ஆன்டெனாவில் சிக்னல் குறைவு: தாம்பரம் வட்டாரம்

வீட்டு மாடியில் பொருத்தப்பட்ட டிஷ், செயற்கைக்கோள் அனுப்பும் அலைகளைப் போதிய வலுவுடன் பெறாததால் படம் கட்டம் கட்டமாக உடைந்தும் உறைந்தும் ஈற்றில் மறைந்தும் போவது சிக்னல் குறைவு எனப்படும். டிடி ஃப்ரீ டிஷ் சேவையைச் சுமக்கும் ஜிசாட்-15, நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில், 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்பதால், தாம்பரத்திலிருந்து பார்க்கையில் தென்கிழக்கு வானில் சுமார் 68 பாகை ஏற்றத்தில் அமைகிறது.

வீட்டு டிஷ்கள் பெரும்பாலும் ஆஃப்செட் வகையின; அதாவது, அலைகளை வாங்கும் எல்.என்.பி. கருவி தட்டின் நடுவுக்கு நேர் எதிரே இல்லாமல் கீழே தள்ளி அமைந்திருப்பதால், தட்டு நோக்குவதாகத் தோன்றும் திசையைவிட 20 பாகைக்கும் மேலான உயரத்திலிருந்து அலைகள் வந்து சேர்கின்றன. ஆகவே சேலையூர், குரோம்பேட்டை போன்ற பகுதிகளில் எதிரே வெட்டவெளியாகத் தெரிந்தாலும், மேலே கவிந்த தென்னங்கீற்றோ ஒட்டி எழுந்த அடுக்குமாடியோ அலைகளை மறைக்கக்கூடும்.

60 செ.மீ. டிஷ் அலைகளைப் பெறும் கோண அகலம் ஏறத்தாழ 3 பாகையே என்பதால் சிறு திருப்பமும் பெரிய இழப்பாகிறது. 2010 ஜூலையில் சன் டைரக்ட் சேவையைச் சுமந்த, 93.5 பாகையிலிருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோள் மின்கோளாறுக்கு உள்ளானபோது, அச்சேவை 91.5 பாகையிலிருந்த மீசாட்-3 செயற்கைக்கோளுக்கு மாறியதால், இரண்டு பாகை வேறுபாட்டுக்காகவே டிஷ்களைத் திருப்பி வைக்க நேர்ந்தது. 2016 டிசம்பர் 12 அன்று கரை கடந்த வர்தா போன்ற புயல்களின் காற்றும், போல்ட் தளர்ந்த தட்டை இவ்வாறு திருப்பிவிடும்.

டி.டி.எச். எனும் வீட்டு நேரடி ஒளிபரப்புச் சேவைகள் பயன்படுத்தும் கேயூ பேண்ட் அலைகள் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுடையவையாதலால் கனமழையில் வலுவிழக்கின்றன. வடகிழக்குப் பருவமழை வங்கக்கடலிலிருந்து வருவதும் டிஷ் அக்கடல் பக்கமே நோக்குவதும் சேர்ந்து, வீட்டில் தூறல் விழுமுன்பே படம் மறைவதுண்டு. மழை விலகியதும் சிக்னல் தானே திரும்புமாதலால் டிஷ்ஷைத் தொடத் தேவையில்லை. மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னே வரும் சில நாட்களில், முற்பகலில் சில நிமிடங்கள் ஏற்படும் தடையும் அத்தகையதே.

மழையற்ற நாளிலும் குறை நீடித்தால் செட்-டாப் பாக்ஸின் சிக்னல் பக்கத்தைப் பார்ப்பது முதற்படி. ஸ்ட்ரெங்த் எனும் அளவு இருந்தும் குவாலிட்டி எனும் தர அளவு இல்லையெனில் பெரும்பாலும் திசை பிசகியிருக்கும். இரண்டும் இல்லையெனில் கேபிளையோ எல்.என்.பி.யையோ ஐயுறலாம். ஒரு பகுதிச் சேனல்கள் மட்டும் மறைந்தால், அலையின் செங்குத்து, கிடை முனைவாக்கங்களைத் தேர்ந்தெடுக்க பாக்ஸ் அனுப்பும் 13, 18 வோல்ட் மின்னழுத்தங்களுள் ஒன்று எல்.என்.பி.யைச் சரியாக எட்டாதிருக்கலாம். நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றால் அரித்த கனெக்டரும் நீர் புகுந்த கேபிளும் முதலில் சோதிக்கத்தக்கவை. திசையைச் சீராக்குகையில், குவாலிட்டி அளவு சற்றுத் தாமதித்தே மாறுவதால், தட்டைச் சிறிதளவு நகர்த்திச் சில நொடிகள் நிறுத்திப் பார்த்து, உச்ச அளவு கிடைத்த இடத்தில் போல்ட்டுகளை இறுக்க வேண்டும்.